மண்ணில் மறைந்த உலோகம்

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் பெரும்பாலோர் நாள்தோறும் ஒரு விந்தையான வாயிலைக் கடந்து செல்கின்றனர். சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கினால் கதவில்லாத நிலை ஒன்று எதிரே நிற்கும். சாவிக்கொத்தோ, மதிய உணவுப் பாத்திரமோ கையிலிருந்தால் அதனூடே செல்லும்போது அது ஓசை எழுப்பும். காவலர் அதைக் கேட்டு நம் பையைத் திறக்கச் சொல்வார். உலோகம் இருப்பதைக் கண்ணால் காணாமலே அறிந்து சொல்லும் இக்கருவிக்கு ‘மெட்டல் டிடெக்டர்’ என்று பெயர். தமிழில் உலோகங்காட்டி எனலாம்.

இதே கருவியைக் கைத்தடி போன்ற கோலின் நுனியில் ஒரு தட்டாக அமைத்து, நிலத்தின்மீது வீசி நடந்தால், மண்ணுக்குள் கிடக்கும் காசையும் மோதிரத்தையும் ஆணியையும் அது காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்து முதலிய நாடுகளில் விடுமுறை நாட்களில் வயல்வெளிகளிலும் கடற்கரைகளிலும் இவ்வாறு தேடித் திரிவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல்லாயிரவர். 2009ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில், ஒரு வயலில் இவ்வாறு தேடிய ஒருவர், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொற்குவியல் ஒன்றைக் கண்டார். அச்செய்தி உலகெங்கும் பரவியபின் நம் நாட்டிலும் இளைஞர் பலருக்கு இதில் ஆசை பிறந்திருக்கிறது. கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

இப்பொழுதுபோக்கை எவ்வாறு தொடங்குவது, எங்கே தொடங்குவது, எங்கே நின்றுவிடுவது என்பவற்றை இவ்வுரையில் காண்போம். கருவியை விற்போர் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். மண்ணிலிருந்து எடுக்கும் பழம்பொருளின் பெருமதிப்பு அதன் எடையில் இல்லை. அது கிடந்த இடத்திலும், அதனுடன் கிடந்த பிற பொருள்களிலும் இருக்கிறது. இடம் மறந்துபோனால் பொருளின் வரலாறும் போய்விடும். இதற்கு நாம் வாழும் கொல்கத்தா நகரமே சான்று கூறுகிறது. அக்கதைக்குப் பின்னர் வருவோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வருவதை அறிவோம். உலோகங்காட்டியும் ஒருவகையில் மண்ணுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்கிறது. அதன் தட்டுக்குள் செப்புக் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அச்சுருளில், விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் எழுந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே செம்போ வெள்ளியோ பொன்னோ கிடந்தால், அதனுள் சிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. தட்டிலுள்ள மற்றொரு சுருள் அந்தப் புலத்தை உணர்ந்து, நம் காதுக்கு ஓசையாகத் தெரிவிக்கிறது. எதிரொலி எவ்வளவு வலிமையுடன், எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கொண்டு, கிடப்பது இரும்பா, செம்பா, வெள்ளியா என்பதைக் கருவி ஓரளவு ஊகிக்கும். ஊகம் என்றே சொன்னோம். நிச்சயம் என்று சொல்லவில்லை. சிறிய பொன்மோதிரமும், சிகரெட் உறையின் ஈயத்தாளும் பல வேளைகளில் ஒரே ஓசை எழுப்பும்.

இக்கருவியின் பிறப்பில் ஒரு சோகமும் கலந்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்ட் துப்பாக்கியால் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்பதை மருத்துவர்களால் அறிய இயலவில்லை. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல், கம்பிச்சுருள்களைக் கொண்டு உலோகம் காட்டும் கருவி ஒன்றை அமைத்து எடுத்துச் சென்றார். பழைய போரில் உடலில் குண்டு தங்கிய வீரர்களிடம் முன்பே சோதித்து நம்பிக்கை பெற்றிருந்தார். ஆயினும் தலைவரின் படுக்கையருகே கருவி குழப்பமான ஓசையையே தந்தது. படுக்கையில் உலோகச் சுருள்வில்கள் இருந்ததும், தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே ஆராய விட்டதும் தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் கார்பீல்ட் காலமானார். கருவி பொய் சொல்லவில்லை. அதைச் சுற்றியிருந்த உலோகமும், தேடவிட்ட இடமும் பிழையாயின. இன்று கருவியைக் கையில் எடுப்போருக்கும் முதற்பாடம் இதுவே.

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் வாழ்ந்த கெர்ஹார்ட் பிஷர் என்பவர், விமானங்களுக்கு வானொலி அலைகளால் திசை காட்டும் கருவிகள் உலோகத் தாதுள்ள நிலப்பகுதிகளில் தவறு செய்வதைக் கவனித்து, நிலத்தடி உலோகத்தைத் தேடும் கருவி ஒன்றை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டுப் படை அதிகாரி கொசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி, 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் பெரிதும் பயன்பட்டது. உயிர் காக்கப் பிறந்து, போர்க்களத்தில் வளர்ந்து, பொழுதுபோக்காக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது இக்கருவி.

புதிதாகத் தொடங்குவோர் கருவி வாங்குவதற்கு முன் செய்யத்தக்க பரீட்சை ஒன்று உண்டு, இதற்குச் செலவில்லை. ஹூக்ளி நதியின் படித்துறைகளில், கயிற்றின் நுனியில் காந்தத்தைக் கட்டி நீருக்குள் வீசி இழுக்கும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்தர்கள் கங்கைக்கு இட்ட காசுகளை அவர்கள் அவ்வாறு எடுக்கிறார்கள். எல்லாக் காசும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. 1988 முதல் படிப்படியாக வழக்கிற்கு வந்த துருப்பிடியா எஃகுக் காசுகள் ஒட்டும். அதற்கு முந்திய செம்பு-நிக்கல் கலப்புக் காசுகள் ஒட்டுவதில்லை. வெள்ளி ரூபாயும் ஒட்டாது. ஆனால் வெள்ளிக்குப் பதிலாக 1947இல் வந்த நிக்கல் ரூபாய் ஒட்டும். நிக்கலும் இரும்பைப் போலக் காந்தத்திற்கு வசப்படும் உலோகமாதலின் இவ்வாறு நிகழ்கிறது. வீட்டிலுள்ள பழைய காசுகளையெல்லாம் ஒரு தட்டில் பரப்பி, காந்தத்தைக் காட்டிப் பிள்ளைகளுடன் சோதித்துப் பாருங்கள். உலோகங்களின் குணவேறுபாடு ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

கருவி வாங்கியபின் அதன் மொழியைக் கற்க வேண்டும். ஒரு மண்தொட்டியில் மூன்று விரற்கடை ஆழத்தில் ஒரு காசையும், வேறொன்றில் ஒரு சாண் ஆழத்தில் மற்றொரு காசையும், மூன்றாவதில் ஓர் இரும்பாணியையும், நான்காவதில் சோடாப் புட்டியின் மூடியையும் புதைத்து வையுங்கள். ஒவ்வொன்றின்மீதும் தட்டை வீசி ஓசையைக் காதில் பதியவைத்துக் கொள்ளுங்கள். தட்டு நிலத்திற்கு இணையாக, இரண்டு விரற்கடைக்கு மேல் உயராமல், மெதுவாக வீசப்பட வேண்டும். ஒரு வீச்சின் விளிம்பின்மீது அடுத்த வீச்சு படிய வேண்டும். ஓசை கேட்ட இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை கடந்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் பொருள் இருக்கும். ஒற்றைக் காசு ஒரு சாண் ஆழத்திற்குமேல் கிடந்தால் பொதுவான கருவிகளுக்கு அது எட்டுவது அரிது. பத்தடிக்குக் கீழுள்ள பொற்குடத்தைக் காட்டும் என்று விளம்பரம் செய்வோரின் சொல்லை நம்பிப் பணம் இழக்க வேண்டாம்.

மண்ணின் குணமும் அறியத்தக்கது. கொல்கத்தா நகரம் கங்கை கொணர்ந்த வண்டலின்மீது அமைந்தது. வண்டலும் களியும் கருவிக்கு இடையூறு செய்வதில்லை. ஆனால் முந்நூறு ஆண்டுக் கட்டட வேலையின் ஆணிகளும் செங்கற்சல்லிகளும் இந்நகரின் மண்ணில் நிறைந்திருத்தலால், இரும்பின் ஓசை ஓயாது கேட்கும். மேற்கே வீர்பூம், பாங்குரா மாவட்டங்களுக்குச் சென்றால் செம்மண். அதில் இரும்புச்சத்து மிகுதி. நம் தமிழகத்துச் செம்மண்ணும் அத்தகையதே. அங்கெல்லாம் கருவியை மண்ணுக்கேற்பச் சமன்செய்து கொள்ளாவிட்டால் மண்ணே உலோகமாக ஒலிக்கும். கடற்கரையின் ஈரமணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கும் குழப்பம் நேரும். அதற்கென வேறுவகைக் கருவி உண்டு. வங்கத்தில் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும். நிலம் நீரில் கிடக்கும் அம்மாதங்களை நாணய நூல்கள் படிப்பதற்கு ஒதுக்கிவிட்டு, குளிர்காலத்தில் வெளியே கிளம்புவது தக்கது.

எங்கே தேடலாம் என்பது அடுத்த கேள்வி. கொல்கத்தாவில் பரந்த வெளி என்றதும் மைதானம்தான் நினைவுக்கு வரும். அது படைத்துறையின் பொறுப்பிலுள்ள நிலம். அங்கே அனுமதியின்றி ஒரு கைப்பிடி மண்ணைத் தோண்டுவதும் கூடாது. பூங்காக்கள், ஏரிக்கரைகள், நதிக்கரைகள், கல்லறைத் தோட்டங்கள் யாவற்றிற்கும் பொறுப்பாளர் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களைக் கருவியுடன் அணுகவே வேண்டாம். பண்டைய நினைவுச்சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய இடங்களில் உரிமமின்றி அகழ்வதைத் தடைசெய்கிறது. மேலும் நகரில் நிலத்தடியே மின்கம்பிகள் ஓடுகின்றன. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாமீது குண்டு வீசியதும் மறக்கத்தக்கதன்று. 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் கப்பல் துறையில் தூர் வாரும்போது அக்காலத்து வெடிகுண்டு ஒன்று வெளிப்பட்டது. உருண்டையாகவோ நீள்குழலாகவோ கனத்த இரும்பு தென்பட்டால், தொடாமல் விலகிக் காவல் துறைக்குத் தெரிவிப்பதே கடமை.

அப்படியாயின் எஞ்சுவது யாது? சொந்த நிலம், நண்பர்களின் தோட்டம், உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவு பெற்ற வெளி, உள்ளூர் நிர்வாகம் இசையும் கடற்கரை ஆகியவையே. இவை குறைவாகத் தோன்றலாம். இக்கட்டுப்பாடு ஏன் என்பதை இனி வரும் கதை விளக்கும்.

1783ஆம் ஆண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தின் கவர்னர் ஜெனரல். நவகிருஷ்ணர் என்னும் செல்வர் இருநூறுக்கு மேற்பட்ட பொற்காசுகளை அவரிடம் கொணர்ந்தார். அவை காளிகாட்டில் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் கிடைத்தவை. ஹேஸ்டிங்ஸ் அவற்றை லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பினார். அவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்திற்குச் சில, வேறு காட்சிசாலைகளுக்குச் சில, தனியார் சிலருக்குச் சில எனப் பங்கிட்டனர். எஞ்சியவை உருக்கப்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. குப்தர் எழுத்தைப் படிக்கும் அறிவு அக்காலத்தில் வளர்ந்திருக்கவில்லை. ஆசியக் கழகம் இந்நகரில் தோன்றியதே அதற்கு அடுத்த ஆண்டில், 1784இல். பின்னாளில் அறிஞர்கள் ஆராய்ந்தபோது அவை குப்தப் பேரரசின் இறுதிக்காலக் காசுகள் என்பது தெரியவந்தது. இந்தியாவில் கிடைத்த குப்தர் பொற்காசுக் குவியல்களுள் முதன்முதல் அறியப்பட்டது இதுவே.

அக்குவியல் எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். காளிகாட்டில் என்பது விடை. காளிகோயில் உள்ள காளிகாட்டு நகரின் தென்பகுதியில், ஆதிகங்கையின் கரையில் இருக்கிறது. பழைய குறிப்போ, ஹூக்ளியின் கிழக்குக் கரையில், கல்கத்தாவுக்குப் பத்து மைல் மேலே என்கிறது. இரண்டும் ஒரே இடமாக இருக்க முடியாது. காசுகளைப் புதைத்தவர் வணிகரா, அரசு அலுவலரா, கோயிலைச் சார்ந்தவரா? பாத்திரத்தைச் சுற்றி வீட்டுச் சுவர் இருந்ததா, ஓடுகள் கிடந்தனவா? காசுகள் கீழிருந்து மேலாக எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன? கல்கத்தா நகரம் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நதிக்கரையில் வாழ்ந்த மக்களைப் பற்றி அறியக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. பொன் லண்டன் வரை சென்றது. இடத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி வைக்க ஆளில்லாமற் போயிற்று. பல நாட்டுக் காட்சிசாலைகளில் சிதறிக்கிடக்கும் அக்காசுகளைத் தேடித் தொகுத்து ஆராயும் பணி, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அறிஞர்களுக்கு வேலையாக இருந்தது.

இதற்கு நேர்மாறான பாடம் நம் தமிழகத்தில் உண்டு. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள கருக்காக்குறிச்சியில் ரோமானியப் பொற்காசுகள் 501 ஒரு குவியலாகக் கிடைத்தன. அவை சிதறுமுன் ஒருங்கே எண்ணி ஆராயப்பட்டன. அதனால் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. குவியலில் காலத்தால் பிந்திய காசு வெஸ்பாசியன் என்னும் பேரரசனுடையது. அவன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. ஆகவே அதற்கு முன் அப்பொருள் புதைக்கப்பட்டிருக்க இயலாது. மற்றொன்று, காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளியால் வெட்டுக்குறி இடப்பட்டிருந்தது. ஒரே ஒரு காசில் அவ்வெட்டைக் கண்டிருந்தால் தற்செயலான கீறல் என்றே தள்ளியிருப்பர். ஐந்நூறையும் ஒருசேரப் பார்த்ததனால்தான், மக்கள் கையில் அக்காசுகள் மீண்டும் புழங்காதபடி வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்ற கருத்து அறிஞர்க்குத் தோன்றியது. பத்துக் காசுகளை ஒருவர் மடியில் மறைத்துச் சென்றிருந்தால் அவருக்குச் சிறிது பொன் கிடைத்திருக்கும். அவற்றுள் வெஸ்பாசியனின் காசு இருந்திருந்தால் குவியலின் காலமே பிழைபட்டிருக்கும்.

கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே சில மணி நேரப் பயணத்தில் பேராசாம்பா என்ற ஊரருகே சந்திரகேதுகட் உள்ளது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் காட்சிசாலை 1956-57 முதல் பல ஆண்டுகள் அங்கே அகழாய்வு நடத்தியது. முத்திரைக் காசுகளும், நுண்ணிய வேலைப்பாடமைந்த சுடுமண் உருவங்களும் கிடைத்தன. ஆனால் அகழாய்வில் முறைப்படி வெளிப்பட்டவற்றைவிட மிகுதியானவை குளம் வெட்டுவோர் கையாலும் கொள்ளையர் கையாலும் எடுக்கப்பட்டு உலகெங்கும் விற்பனையாகியுள்ளன. அயல்நாட்டுக் காட்சிசாலைகளின் கண்ணாடிப் பேழைகளில் அவை அழகாகத்தான் இருக்கின்றன. எந்த வீட்டில், எந்த அடுக்கில், எதனருகே கிடந்தன என்று கேட்டால் விடை கூறுவாரில்லை.

ஆகவே சட்டம் இதில் தலையிடுகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் சாரத்தை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நன்று. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர், அது இன்னது, இவ்வளவு, இந்த இடத்தில், இந்த நாளில் கிடைத்தது என்று மாவட்டக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது கேட்கும்போது கொணர்வதாக ஜாமீன் தர வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோரை விசாரிப்பார். உரிமையாளர் எவருமில்லை என்று தீர்ப்பானால், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் உரியதாகும். அரசு தானே பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்புடன் ஐந்திலொரு பங்கு மிகுத்துக் கொடுக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ அடைய நேரும். மாநிலங்கள் செய்த திருத்தங்களும் உண்டாதலின், அந்தந்த மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிவது நலம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ, நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிமமின்றி வாணிகம் செய்வதையும், தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புவதையும் தடுக்கிறது.

இச்சட்டம் கடுமையானதன்று என்பதைக் கூர்ந்து நோக்கினால் அறியலாம். நேர்மையாகச் சொன்னவருக்கு அது பங்கு தருகிறது, மறைத்தவரையே தண்டிக்கிறது. ‘புதையலைப் பூதம் காக்கும்’ என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். இரவோடிரவாகத் தோண்டி, உருக்கி, விற்று, பிறகு காவலருக்கும் அயலாருக்கும் அஞ்சி வாழ்வோரைப் பார்த்தால் அப்பூதம் யாதென்பது விளங்கும்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் நிலத்தைத் தோண்டித் துப்புரவு செய்யும்போது ஒரு பாத்திரம் வெளிப்பட்டது. அதில் 505 பொற்காசுகள் இருந்தன. எடை 1,716 கிராம். அவை எண்ணப்பட்டு, எடையிடப்பட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. இடம் தெரியும், நாள் தெரியும், தொகை தெரியும். 1783இல் கல்கத்தாவில் இழந்ததைத் திருவானைக்காவலில் இழக்கவில்லை.

இனி, இப்பொழுதுபோக்கை மேற்கொள்வோர் கடைப்பிடிக்கத்தக்க முறையைக் கூறுவோம். கருவியோடு ஒரு களைக்கொத்து, ஒரு பழந்துணி, ஒரு குறிப்பேடு, ஓர் அளவுநாடா ஆகியவை போதும். புல்தரையை மூன்று பக்கம் வெட்டிக் கதவுபோலத் திறந்து, மண்ணைத் துணியில் கொட்டி, பொருளை எடுத்தபின் மண்ணை இட்டுப் புல்லை மூடி மிதித்துவிட வேண்டும். எடுத்த குப்பை உலோகத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து விடுங்கள். குறிப்பேட்டில் நாள், இடம், ஆழம், அருகே நின்ற மரமோ கிணறோ எத்தனை அடியில் உள்ளது என்பவற்றை எழுதுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பழங்காசுகள் தென்பட்டாலோ, பானை விளிம்பு தெரிந்தாலோ, அங்கேயே கையை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் தோண்டுவது தொல்லியல் அறிஞரின் வேலை.

மற்றொன்று, கண்டெடுத்த காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்யும் நம் பழக்கம் இங்கே பெருந்தீங்கு செய்யும். செப்புக்காசின்மீது படிந்துள்ள பச்சைப்படலம் அதற்குக் கவசம். கரூர் அமராவதி ஆற்று மணலில் மக்கள் பொறுக்கியெடுத்த சிறு காசுகள் பலவற்றால்தான் சங்ககாலச் சேரரின் நாணயங்களைப் பற்றி நாம் அறிய முடிந்தது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்ட செப்புக்காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்னும் பாண்டியன் பெயர் பழந்தமிழ் எழுத்தில் இருக்கிறது. விரல்நகத்தால் மறைக்கத்தக்க அந்த எழுத்துகளைப் புளியும் சாம்பலும் ஒரு நிமிடத்தில் அழித்திருக்கும்.

கொல்கத்தாவில் வாழ்வோருக்கு வேறு ஊரார் பெறாத ஒரு வசதியும் உண்டு. நாணயக் கல்வியின் தாயகம் இந்நகரம். இங்குள்ள நாணயச்சாலையில் உலோகச் சோதனை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப் என்பவரே 1837இல் அசோகனுடைய பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். ஸ்ட்ராண்டு சாலையில் 1829இல் திறந்த பழைய நாணயச்சாலையின் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1952 முதல் நாணயங்கள் அலிப்பூரில் அச்சாகின்றன. கையிலுள்ள காசில் ஆண்டின் கீழே புள்ளியோ நட்சத்திரமோ வேறு குறியோ இல்லையெனில் அது கொல்கத்தாவில் அடித்தது என்று பொதுவாகக் கொள்ளலாம். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. சௌரங்கியிலுள்ள இந்தியக் காட்சிசாலை 1814இல் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை அங்கே செலவிட்டுப் பழங்காசுகளைக் கண்ணால் பழகிக்கொண்டவர், பின்னாளில் மண் படிந்த ஒரு வட்டத்தைக் கண்டதும் அது இன்னதென்று ஊகிக்க வல்லவராவார்.

கருவியால் பிறர்க்கு உதவவும் முடியும். திருமண வீட்டுத் தோட்டத்தில் தோடு விழுந்துவிட்டது, புல்வெளியில் மோதிரம் நழுவிவிட்டது என்று கலங்குவோர்க்கு, உலோகங்காட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தெய்வம்போல் தோன்றுவார். அதில் சட்டச் சிக்கல் எதுவுமில்லை. அடையும் மகிழ்ச்சியோ பெரிது.

ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் நாம் சொந்த ஊருக்குச் செல்கிறோம். கிணறு தூர் வாரும்போதோ, வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ, ஏரி மண்ணெடுக்கும்போதோ, பழங்காசோ பானையோ வெளிப்படும் செய்தி அவ்வப்போது காதில் விழும். கருவி நம் கையில் இல்லாவிடினும் அங்கே நம்மால் ஆகக்கூடியது ஒன்றுண்டு. உருக்குவதற்கு எடுத்துச் செல்லும் கையைத் தடுத்து நிறுத்தலாம். கிடந்த இடத்தைப் படமெடுத்து, அளந்து, நாள் குறித்து வைக்கலாம். பங்கு கிடைக்கும் என்பதையும், மறைத்தால் வரும் துன்பத்தையும் உறவினருக்கு எடுத்துச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதித் தரலாம். படித்து வெளியூரில் வாழ்வோரின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அம்மதிப்பைச் செலவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைப்பது அரிது. ஒரு தாளில் எழுதிய நான்கு வரிகள், கிடைத்த காசின் வரலாற்றை வருங்காலத்தார்க்காகக் காத்துவைக்கும்.